பரோசா: நூறு வயதுக் கொடிகளுக்கு நடுவே ஒரு வெள்ளைக் குழாய்

பினாங்கில் ஜார்ஜ் டவுனை நிறுவிய பிரான்சிஸ் லைட்டை நம் வட்டாரத்தில் அறியாதவர் குறைவு. அவருடைய மகன் வில்லியம் லைட் குவாலா கெடாவில் பிறந்தவர். பிற்காலத்தில் தென் ஆஸ்திரேலியாவுக்குக் கப்பலேறி, அடிலெய்ட் நகரின் வீதிகளை அளந்து வகுத்தவர் அவர்தான். அந்த நகரில் மேடான ஓர் இடத்தில் அவருடைய சிலை இன்றும் கை நீட்டியபடி நிற்கிறது. நகருக்கு வடகிழக்கே இருந்த மலைத்தொடருக்கு 1837ல் அவர் வைத்த பெயர், 1811ல் ஸ்பெயினில் நடந்த பரோசா போரின் நினைவாக வந்தது. பதிவேட்டில் எழுத்து மாறிப்போய், மாறியபடியே நிலைத்துவிட்டது. உலகெங்கும் ஒயின் புட்டிகளில் இன்று நாம் பார்க்கும் ‘பரோசா’ அந்தப் பிழையான எழுத்துதான். கெடாவில் பிறந்த பிள்ளை வைத்த பெயர் என்பதால் எனக்கு அந்தப் பள்ளத்தாக்கின்மீது போவதற்கு முன்பே ஒரு சொந்தம் உண்டாகியிருந்தது.

சிங்கப்பூரிலிருந்து அடிலெய்டுக்கு நேரடி விமானத்தில் ஏறத்தாழ ஏழு மணி நேரம். அங்கிருந்து வாடகைக் காரில் ஒரு மணி நேரம். நம் மார்ச் மாதப் பள்ளி விடுமுறை வாரம் பரோசாவில் அறுவடையின் நடுப்பகுதி. பிப்ரவரியில் தொடங்கும் வேலை ஏப்ரல் வரை நீளும். டனூண்டா, நூரியூட்பா, அங்காஸ்டன் என்று சிறு சிறு ஊர்கள். தேவாலயக் கோபுரம், ரொட்டிக் கடை, அதற்கடுத்துத் திராட்சைக் கொடி வரிசைகள், மறுபடியும் ஒரு கோபுரம். முன்னால் திராட்சை ஏற்றிய லாரி ஊர்ந்து போனால் பின்னால் நாமும் ஊர வேண்டியதுதான். நசுங்கிய பழத்தின் புளிப்பு கலந்த இனிப்பு மணம் காருக்குள் வந்து உட்கார்ந்துகொள்ளும்.

ஒயின் அருந்தாத குடும்பத்துக்கு அங்கே என்ன வேலை என்று புறப்படுவதற்கு முன்பே உறவினர்கள் கேட்டார்கள். நான் அருந்துவதில்லை, என் மனைவியும் அப்படித்தான். ஆனால் தஞ்சாவூருக்குப் போகிறவர்கள் எல்லாரும் நெல் விளைவிக்கிறவர்களா என்ன? ஒரு பயிரைச் சுற்றி ஓர் ஊர் எப்படி வாழ்கிறது என்று பார்ப்பதற்கு அந்தப் பயிரைக் குடித்தாக வேண்டியதில்லை. சிறுவர்களுக்குப் புல்வெளியும், நல்ல ரொட்டியும், பாலாடைக்கட்டியும் உண்டு. செப்பல்ட்ஸ்ஃபீல்ட் என்ற பழைய ஒயின் கூடத்துக்குப் போகும் சாலையின் இருமருங்கும் பேரீச்ச மரங்கள் அணிவகுத்து நிற்கும். உள்ளே 1878ஆம் ஆண்டிலிருந்து ஆண்டுக்கொரு பீப்பாய் என்று வரிசையாக வைத்திருக்கிறார்கள். என் மகன் தாத்தா பிறந்த ஆண்டின் பீப்பாயைத் தேடிக் கண்டுபிடித்தான்.

பரோசாவில் முதலில் குடியேறியவர்களில் பெரும்பாலோர் சைலீசியாவிலிருந்து வந்த லுத்தரன் கிறிஸ்துவர்கள். தங்கள் முறைப்படி வழிபட இடம் தேடி வந்தவர்கள். 1842ல் பெத்தனி என்ற சிற்றூரை அமைத்தார்கள். மறு ஆண்டே ஷிராஸ் கொடி நட்டார்கள். 1843ல் நட்ட கொடிகளில் சில இன்னும் காய்க்கின்றன. படித்தபோது நம்பவில்லை. நேரில் பார்த்தால் கொடி என்றே சொல்லத் தோன்றாது. முறுக்கிப் பிழிந்த துணி மாதிரி ஓர் அடிமரம், பட்டை உரிந்து, நடுவில் பொந்து விழுந்து, அதன் உச்சியில் பச்சை இலையும் கறுத்த குலையும். நம் ஊர்க் கோயில் தலமரங்களின் நினைவு வந்தது.

இவ்வளவு முதுமை இங்கே எப்படி வாய்த்தது? பதில் பல தோட்டங்களின் வாசலிலேயே எழுதியிருக்கிறது: அனுமதியின்றிக் கொடிகளுக்குள் நடக்காதீர்கள். ஃபிலாக்ஸெரா என்றொரு மிகச் சிறிய பூச்சி, வட அமெரிக்காவிலிருந்து வந்து 1860களிலிருந்து ஐரோப்பாவின் திராட்சை வேர்களைத் தின்று தீர்த்தது. பிரான்சில் தோட்டம் தோட்டமாக அழிந்தது. அமெரிக்க வேரில் ஐரோப்பியக் கொடியை ஒட்டுப்போட்ட பிறகுதான் அங்கே மீண்டும் திராட்சை தழைத்தது. ஆஸ்திரேலியாவிலும் விக்டோரியா மாநிலத்தின் ஜீலோங்கில் 1877ல் அந்தப் பூச்சி பிடிபட்டது. தென் ஆஸ்திரேலியா 1899ல் தனிச் சட்டமே போட்டுக் கொடிகளைக் காத்தது. இன்றுவரை அந்த மாநிலத்துக்குள் பூச்சி வரவில்லை. பரோசாவின் பழங்கொடிகள் இன்னும் சொந்த வேரில் நிற்பது அதனால்தான். மெல்பர்ன் பக்கத் திராட்சைத் தோட்டங்களைச் சுற்றிவிட்டு அதே காலணியோடு இங்கே வருகிறவர்கள் தயவுசெய்து இதை நினைவில் வையுங்கள். காலணியின் அடியில் ஒட்டிய ஒரு பிடி மண் போதும்.

நாங்கள் தங்கியது ஒரு பண்ணை வீட்டில். உரிமையாளருக்கு அறுபதுக்கு மேல் வயது. நான்காம் தலைமுறையாகத் திராட்சை பயிரிடுகிறவர். பழத்தை ஒயின் நிறுவனங்களுக்கு விற்பவர். மகள் அடிலெய்டில் வேளாண்மை படித்துவிட்டு, நகரத்தில் சில ஆண்டுகள் வேலை பார்த்து, தோட்டத்துக்கே திரும்பியவர். இருவரும் எங்களைக் காலணியைக் கிருமிநாசினித் தண்ணீரில் நனைக்கச் சொல்லி உள்ளே அழைத்துப் போனார்கள். நூறு வயதைத் தாண்டிய கொடிகள் இருந்த பகுதியில், இரண்டு கொடிகளுக்கு நடுவே ஒரு வெள்ளைக் குழாய் மண்ணிலிருந்து சற்றே எட்டிப் பார்த்தது. பக்கத்தில் உள்ளங்கை அகலத்தில் ஒரு சூரியசக்தித் தகடு. பெரியவர் அதைக் காலால் சுட்டிக்காட்டி, “என் மகளுடைய உளவாளி,” என்றார்.

அது மண்ணின் ஈரத்தை அளக்கும் உணர்கருவி. ஒன்றரை மீட்டர் ஆழத்துக்குப் புதைந்திருக்கிறது. உள்ளே சில சென்டிமீட்டருக்கு ஒன்று என்று கருவிகள். மின்புலத்தில் தண்ணீர் நடந்துகொள்வது வேறு, உலர்ந்த மண் நடந்துகொள்வது வேறு. அந்த வேறுபாட்டை வைத்து எந்த ஆழத்தில் எவ்வளவு ஈரம் என்று கணக்கிடுகிறது. கால் மணி நேரத்துக்கு ஒருமுறை அந்தக் கணக்கு கைப்பேசிக்கு வந்து சேர்கிறது. இதில் அதிசயம் ஒன்றும் இல்லை. இந்த வகைக் கருவிகளை 1990களிலிருந்தே செய்துவரும் நிறுவனம் அடிலெய்டிலேயே இருக்கிறது. அப்போது கருவி விலை அதிகம், தரவை எடுக்கக் கம்பியோடு வயலுக்கு நடக்க வேண்டும். இப்போது குறைந்த மின்சாரத்தில் பல கிலோமீட்டர் போகும் வானொலி அலை வந்துவிட்டது. ஒரு மின்கலம் பல ஆண்டுகள் தாங்குகிறது. மாற்றம் அங்கேதான்.

தண்ணீர் அங்கே எவ்வளவு அருமை என்று நமக்குச் சட்டென்று விளங்காது. சிங்கப்பூரில் ஆண்டுக்கு 2,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை. பரோசா பள்ளத்தாக்கில் சுமார் 500 மில்லிமீட்டர். அதுவும் பெரும்பகுதி குளிர்காலத்தில், கொடி உறங்கும்போது. கோடையில் மரே ஆற்றிலிருந்து குழாய்வழி வரும் தண்ணீரைக் காசு கொடுத்து வாங்கிச் சொட்டுநீராக விடுகிறார்கள். அளவுக்கு மீறி விட்டால் பழம் பெருத்து, சாறு நீர்த்துவிடும். குறைத்தால் இலை கருகும். இரண்டுக்கும் நடுவே, கொடி சற்றே தவிக்க வேண்டும். அந்தத் தவிப்பில்தான் பழம் சிறுத்து நிறமும் மணமும் கூடும் என்கிறார்கள்.

பெரியவர் அந்தத் தவிப்பை நாற்பது ஆண்டுகளாகக் கண்ணால் அளந்தவர். பற்றுக்கம்பிகள் தளிரின் நுனியைத் தாண்டி நீண்டிருந்தால் கொடி வளர்ந்துகொண்டிருக்கிறது என்று பொருள். பற்றுக்கம்பி தொங்கிவிட்டால் தாகம். மண்வெட்டியால் ஒரு வெட்டு வெட்டி, மண்ணை உள்ளங்கையில் உருட்டிப் பார்ப்பார். உருண்டை நின்றால் தண்ணீர் வேண்டாம், உதிர்ந்தால் வேண்டும். நம் ஊர் வெற்றிலைக் கொடிக்காலிலும் கம்பம் பள்ளத்தாக்கின் திராட்சைப் பந்தலிலும் விவசாயிகள் இதைத்தான் செய்கிறார்கள். (கம்பத்துப் பன்னீர் திராட்சைக்கு 2023ல் புவிசார் குறியீடு கிடைத்தது. அங்கே ஆண்டு முழுவதும் ஏதாவதொரு தோட்டத்தில் குலை வெட்டிக்கொண்டிருப்பார்கள் என்றதும் அந்தப் பெரியவர் என்னை நிறுத்தி இரண்டு முறை கேட்டார். பரோசாவில் ஆண்டுக்கு ஒரே ஒரு வாய்ப்பு.)

மண்வெட்டி போவது ஓரடி, ஒன்றரை அடி. உளவாளி அதற்குக் கீழேயும் பார்த்தது. ஒரே மூச்சில் நீண்ட நேரம் விட்ட தண்ணீரில் ஒரு பகுதி இளங்கொடிகளின் வேரைத் தாண்டிக் கீழே போய்விடுவது வரைபடத்தில் தெரிந்தது. நேரத்தைப் பாதியாக்கி, இடைவெளியைக் குறைத்தார்கள். பழங்கொடிப் பகுதியின் படம் வேறு கதை சொன்னது: மேல் மண் காய்ந்து கிடந்த ஜனவரியிலும், ஒரு மீட்டருக்குக் கீழே ஈரம் பகலில் குறைந்து இரவில் நின்றது. அதாவது வேர் அங்கே குடித்துக்கொண்டிருந்தது. “தாத்தா காலத்துக் கொடிக்குத் தண்ணீர் தேவையில்லை என்று அப்பா சொல்லிக்கொண்டே இருப்பார். ஏன் என்று கேட்டால் பதில் இருக்காது. இப்போது இருக்கிறது,” என்றார் மகள். பெரியவர், “பதில் முன்பே இருந்தது, உனக்குத்தான் படம் தேவைப்பட்டது,” என்றார். இந்த வாக்குவாதம் பல முறை நடந்திருக்க வேண்டும். இருவரும் சிரித்துக்கொண்டே சொன்னார்கள்.

தோட்டத்தின் மூலையில் ஒரு வானிலைக் கம்பம். அடிச்சாம்பல் நோய்க்கு ஆஸ்திரேலிய விவசாயிகளிடம் ஒரு வாய்ப்பாடு உண்டு: 10, 10, 24. வெப்பம் 10 டிகிரி செல்சியசுக்குக் குறையாமல், 10 மில்லிமீட்டர் மழை, 24 மணி நேரத்துக்குள் என்றால் மண்ணில் உறங்கும் பூஞ்சை விழித்துக்கொள்ள வாய்ப்பு. முன்பெல்லாம் மழை பெய்தாலே மருந்தடிப்பார்கள். இப்போது இலை எத்தனை மணி நேரம் நனைந்திருந்தது என்பது உட்பட எல்லாவற்றையும் கம்பம் கணக்குப் போட்டு, தேவைப்பட்டால் மட்டும் எச்சரிக்கிறது. தெளிக்காமல் விட்ட ஒரு சுற்று மருந்து, டீசல், ஆள்கூலி எல்லாம் மிச்சம். வசந்த காலத்தில், அக்டோபர் விடியற்காலையில், பள்ளமான இடத்தில் வெப்பம் சுழியத்தை நெருங்கினால் மணி அடிக்கும். உறைபனியில் தளிர் கருகினால் அந்த ஆண்டு அவ்வளவுதான். குளிர்ந்த காற்று தண்ணீர் மாதிரி பள்ளத்தில் தேங்கும். ஆகையால் வீட்டு வாசலில் தொங்கும் வெப்பமானி இதற்கு உதவாது. கருவி பள்ளத்தில் இருக்க வேண்டும். கைப்பேசிச் சமிக்ஞை வலுக்குறைவதும் அதே பள்ளங்களில்தான் என்பது விளம்பரத் தாள்களில் இருக்காது.

எங்கள் வீட்டில் எல்லாரையும் கவர்ந்தது அடிலெய்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் உருவாக்கிய ‘விட்டிகேனபி’ என்ற இலவசச் செயலி. கைப்பேசியைக் கொடிக்கு அடியில் மேல்நோக்கிப் பிடித்து ஒரு படம் எடுத்தால், இலை எவ்வளவு, இலையிடுக்கில் வானம் எவ்வளவு என்று பிரித்து, இலைப் பரப்பைச் சொல்கிறது. இலை அடர்ந்தால் குலைக்கு வெயில் படாது. மெலிந்தால் வெயிலில் வெந்துவிடும். என் மகள் பத்துக் கொடிகளுக்கு அடியில் குனிந்து படமெடுத்துக் கொடுத்தாள். கூலியாக ஒரு குலை கிடைத்தது. ஒயின் திராட்சை சிறியது, தோல் தடிமன், விதை நிறைய, ஆனால் இனிப்போ நாம் கடையில் வாங்கும் பழத்தைவிடக் கூடுதல்.

இரவு இரண்டு மணிக்கு அறுவடை பார்க்க எழுப்பினார்கள். குளிர்ந்த பழம் கெடாமல் ஆலைக்குப் போய்ச் சேரும் என்பதால் இரவில் வெட்டுகிறார்கள். வெட்டுகிறார்கள் என்பதும் சரியில்லை. இரண்டு மாடி உயர இயந்திரம் ஒன்று விளக்குகளை எரியவிட்டுக்கொண்டு வரிசையின்மீது கால் அகட்டி நடந்து, கொடியை உலுக்கிப் பழத்தை உதிர்க்கிறது. உள்ளே ஓடும் பட்டையில் எடை பார்க்கும் கருவி. கூரையில் இருப்பிடம் காட்டும் கருவி. எந்த இடத்தில் எத்தனை கிலோ என்று நகர நகரப் பதிவாகிறது. பழங்கொடிகளுக்கு அந்த இயந்திரம் ஆகாது. அவற்றைக் கையால்தான் பறிக்க வேண்டும். ஓட்டுநரின் அறையில் திரையைக் காட்டினார்கள். ஒரே தோட்டம், ஓரிடத்தில் பச்சை, ஓரிடத்தில் மஞ்சள், ஒரு மூலையில் சிவப்பு.

இந்த வண்ணப் படத்துக்கு ஒரு வரலாறு உண்டு. ஆஸ்திரேலிய அரசின் ஆய்வு அமைப்பான சிஎஸ்ஐஆர்ஓ 1990களின் இறுதியிலிருந்து கூனவாரா முதலான இடங்களில் இப்படி அளந்து பார்த்தது. ஒரே பகுதிக்குள், ஒரே விவசாயி, ஒரே நீர், ஒரே உரம் என்று இருந்தும், விளைச்சல் இடத்துக்கு இடம் பத்து மடங்கு வரை வேறுபட்டது. சராசரி என்று எல்லாரும் சொல்லிக்கொண்டிருந்த கணக்குக்குக் கீழே இப்படியொரு மேடுபள்ளம். துணைக்கோளப் படமும் இதையே காட்டும். நல்ல பச்சை இலை, கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியை அதிகமாகத் திருப்பி அனுப்பும், சிவப்பு ஒளியை உள்வாங்கும். இரண்டையும் ஒப்பிட்டால் கொடியின் தெம்பு தெரியும். ஐரோப்பாவின் சென்டினல்-2 துணைக்கோளங்கள் ஐந்து நாளுக்கு ஒருமுறை எடுக்கும் படம் இலவசம். ஆனால் அதில் ஒரு புள்ளி என்பது 10 மீட்டர். கொடி வரிசைகளுக்கு இடையே சுமார் மூன்று மீட்டர்தான் என்பதால் இடையில் வளர்ந்த புல்லும் சேர்ந்துவிடும். அதனால்தான் டிரோன்.

படம் கையில் இருந்தால் பச்சைப் பகுதியை ஒரு நாளும் மஞ்சள் பகுதியை இன்னொரு நாளும் வெட்டலாம்; தனித்தனித் தொட்டியில் நொதிக்கவிடலாம். டனூண்டாவுக்குப் பக்கத்தில் நாங்கள் பார்த்த ஒரு கூடத்தில் ஒவ்வொரு தொட்டியின் வெப்பமும் திரையில் ஓடியது. சர்க்கரையை ஈஸ்ட் தின்னும்போது சூடு கிளம்பும். சிவப்பு ஒயின் 30 டிகிரியைத் தாண்டிப் போனால் ஆபத்து. குளிர்நீர்க் குழாய் தானாகத் திறக்கும், பொறுப்பாளரின் கைப்பேசி ஒலிக்கும். ஒரு காலத்தில் தொட்டி அருகிலேயே படுத்துக் கிடந்தவர்கள் இப்போது வீட்டில் தூங்குகிறார்கள். ஆனால் ஈஸ்ட்டுக்குச் சத்து போதாவிட்டால் அழுகிய முட்டை நாற்றம் வரும். அதைக் கண்டுபிடிக்க அந்தக் கூடத்தில் இருந்தது மூக்குதான். அங்கே ஒயின் செய்யும் பெண்மணி காலையில் வந்ததும் திரையைப் பார்ப்பதற்கு முன் தொட்டிகளை வரிசையாக முகர்ந்துகொண்டே போனார்.

சிவப்பு மூலைக்கு வருகிறேன். அது எங்கள் பண்ணைக்காரரின் பழங்கொடிப் பகுதி. நூறு ஆண்டு தாண்டியவை; காய்ப்பது குறைவு. மகளின் கணினி அட்டவணையில் எல்லாச் செலவையும் போட்டுப் பார்த்தால், அந்த மூலை ஒவ்வோர் ஆண்டும் நட்டம். வேறு காலமாக இருந்தால் மற்ற பகுதி அதைத் தாங்கியிருக்கும். 2021ல் சீனா ஆஸ்திரேலிய ஒயினுக்கு 218 விழுக்காடு வரை வரி போட்டது. பெரிய சந்தை ஒரே நாளில் மூடியது. 2024 மார்ச்சில் வரி நீங்கியது. ஆனாலும் சிவப்புத் திராட்சை தேவைக்கு மேல் குவிந்த நிலை மாறவில்லை. அவர்களிடம் பழம் வாங்கும் நிறுவனம் ஒன்று ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கவில்லை. இன்னொன்று, தோட்டத்தின் தரவு முழுவதையும் தங்களுக்குத் திறந்துவிடக் கேட்டது. விலை பேசுவதற்கு முன்பே எதிராளி நம் சமையலறை வரை பார்த்துவிட்டால் பேரம் எப்படி நடக்கும்? இந்தக் கருவிகளைப் பற்றிப் புகழ்ந்து எழுதுகிறவர்கள் இந்தக் கேள்வியை ஏனோ தொடுவதில்லை.

பெரியவர் 1980களின் கதையைச் சொன்னார். அப்போதும் திராட்சை மிகுதி. கொடியைப் பிடுங்கினால் பணம் தருகிறோம் என்று அரசாங்கமே திட்டம் போட்டது. குறைவாகக் காய்க்கும் பழங்கொடிகளைத்தான் பலரும் முதலில் பிடுங்கினார்கள். இவருடைய அப்பாவும் ஒரு பகுதியைப் பிடுங்கினார். அந்த இடத்தில் பிறகு புல்தான். சில ஆண்டுகள் கழித்து உலகம் பழங்கொடி ஒயினைத் தேடி வந்தது. 2009ல் பரோசாவில் கொடிகளுக்கு வயதுவாரியாகப் பட்டமே வகுத்தார்கள்: 35 ஆண்டு, 70 ஆண்டு, 100 ஆண்டு, 125 ஆண்டு என்று. அப்பா பிடுங்கிய கொடிகள் இருந்திருந்தால் இன்று மூன்றாம் பட்டியலில் வந்திருக்கும். “அப்போது அப்பாவிடம் இருந்த கணக்கும் சரிதான்,” என்றார் அவர். “ஒரு ஹெக்டரில் எத்தனை டன் என்பதை மட்டும் கேட்டால் அந்தப் பதில்தான் வரும்.”

மகள் அப்பாவோடு உடன்படவில்லை, மறுக்கவும் இல்லை. சிவப்பு மூலைக்கு எடையோடு வேறு சிலவற்றையும் சேர்த்து அளக்கத் தொடங்கியிருக்கிறார்: எவ்வளவு தண்ணீர் கேட்காமல் இருந்தது, 40 டிகிரி வெயில் அடித்த வாரத்தில் இலை எத்தனை நாள் தாங்கியது, பழத்தின் நிறம், புளிப்பு. இந்த ஆண்டு அந்த மூலையின் பழத்தைத் தனியாகப் பறித்து, இரண்டு பீப்பாய் மட்டும் சொந்தமாகச் செய்து பார்க்கிறார்கள். ஒரு சிறு கூடம் தொட்டி கொடுத்து உதவியிருக்கிறது. விற்குமா என்று கேட்டேன். தெரியாது என்றார். எனக்கு அந்தப் பதில் பிடித்திருந்தது.

போக விரும்புகிறவர்களுக்குச் சில சொற்கள். மார்ச்சில் பகலில் நல்ல வெயில், இரவில் குளிராடை வேண்டும். அந்த மாதத்தில் நம்மைவிட அடிலெய்ட் இரண்டரை மணி நேரம் முன்னால். சுவைத்துப் பார்க்கிறவர்கள் குழுவில் இருந்தால், காரோட்டுபவர் சுவைக்காதவராக இருக்கட்டும், இரத்தத்தில் 0.05 விழுக்காடுதான் வரம்பு, சாலையில் சோதனை உண்டு. தோட்டக்காரரிடம் முன்கூட்டியே கேட்டுவிட்டுப் போனால் பெரும்பாலோர் மகிழ்ச்சியோடு காட்டுவார்கள். அறுவடை மும்முரத்தில் மறுத்தால் வருத்தப்படாதீர்கள்.

நாங்கள் கிளம்பிய காலையில் மகள் சிவப்பு மூலையில் இரண்டாவது குழாயைப் புதைத்துக்கொண்டிருந்தார். ஜூலையில் கவாத்து, அந்தக் கொடிகளை வைத்திருப்பதா, எடுப்பதா என்று அதற்குள் முடிவு செய்ய வேண்டும். நான்கடி தள்ளிப் பெரியவர் மண்வெட்டியால் ஒரு குழி வெட்டி, மண்ணை எடுத்து உருட்டிப் பார்த்தார். உருண்டை நின்றது. மகள் கைப்பேசியைப் பார்த்து ஓர் எண்ணைச் சொன்னார். அவர் தலையாட்டிவிட்டு அடுத்த வரிசைக்குப் போனார்.